புதிய தளத்தின் டேட்டாபேஸுக்கு எந்த சர்வர்? மாதிரித் தேர்வுத் தளம் ஒன்றை வைத்து ஐந்து வழிகளின் ஒப்பீடு

“முதல் வருடம் 50,000 பேர் பதிவு செய்வார்கள். 4 ஜிபி ரேம் போதுமா, 16 ஜிபி வாங்க வேண்டுமா?” புதிதாகத் தளம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வழியில்லை. அந்த 50,000 பேரும் வருடம் முழுக்கப் பரவலாக வந்து சமையல் குறிப்பு படித்துவிட்டுப் போனால் மிகச் சிறிய சர்வரே தாங்கும். அவர்களில் 5,000 பேர் ஞாயிறு காலை 10 மணிக்கு ஒன்றாக “தேர்வைத் தொடங்கு” என்ற பொத்தானை அழுத்தினால் கணக்கே வேறு.

அந்த இரண்டாவது நிலைமையையே இங்கே எடுத்துக்கொள்வோம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுவோருக்கான மாதிரித் தேர்வுத் தளம்: 200 கேள்விகள், 3 மணி நேரம், வாரம் ஒரு தேர்வு, ஒரே நேரத்தில் 5,000 பேர். வாரத்தில் ஆறு நாள் கிட்டத்தட்டச் சும்மா இருந்து, ஏழாம் நாள் மூன்று மணி நேரம் மூச்சுத் திணறும் தளம் இது. சர்வர் கணக்கில் செய்யக்கூடிய தவறுகள் எல்லாமே இதில் வெளியே வந்துவிடும். உங்கள் தளம் கடையோ செய்தித் தளமோ எதுவானாலும், எண்களை மாற்றிப் போட்டு இதே கணக்கைப் போடலாம்.

## முதலில் அளவுகோல்கள்

### நெரிசலான இரண்டு நிமிடம்

மூன்று மணி நேரச் சராசரியைப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. 5,000 பேர் × 200 விடைகள் = டேட்டாபேஸில் எழுத வேண்டிய 10 லட்சம் பதிவுகள்; 10,800 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு 93. இதை இன்றைய எஸ்எஸ்டி எதுவும் தாங்கும்.

தளம் விழுவது முதல் இரண்டு நிமிடத்தில். 5,000 பேர் 120 நொடிக்குள் உள்ளே வந்தால் நொடிக்கு 42 பேர். ஒவ்வொருவருக்கும் பயனர் விவரம், சந்தா சரிபார்ப்பு, தேர்வு விவரம், கேள்விகள், புதிய முயற்சிக்கான அட்டவணை வரிசை என்று சுமார் 8 குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கோரிக்கை) வைத்தால் நொடிக்கு 330-ஐ ஒட்டி வரும். இதுவும் எளிதுதான். ஆனால் 200 கேள்விகளையும் ஒரே குவெரியில் எடுக்காமல், லூப்புக்குள் ஒவ்வொன்றாக எடுக்கும்படி நிரல் (கோடு) எழுதப்பட்டிருந்தால் இதே நெரிசல் நொடிக்கு 8,000-ஐத் தாண்டும். சர்வர் அதேதான், கூட்டமும் அதேதான், சுமை மட்டும் 25 மடங்கு. குவெரியைத் தானே எழுதிக்கொள்ளும் ஓஆர்எம் கருவிகளைப் பயன்படுத்தும் தளங்களில் இது தெரியாமலேயே நடக்கும். பெரிய சர்வருக்குப் பணம் கட்டும் முன், ஒரு பக்கம் திறக்க எத்தனை குவெரி ஓடுகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். இதைவிட லாபமான அரை மணி நேரம் இந்த வேலையில் கிடையாது.

இன்னொன்று பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை: பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை மறைத்துச் சேமிக்கும் பிகிரிப்ட் முறையில் கடினம் (சரிபார்க்கும் வேலையின் அளவு) 10 என்றால் ஒரு லாகினுக்குச் சிபியுவின் ஒரு கோரில் சுமார் 60 மில்லிநொடி ஆகிறது என்று வைப்போம். நொடிக்கு 42 லாகின் வந்தால் இதற்கே இரண்டரை கோர் போய்விடும். தளங்கள் பலவும் எழுதப்படும் பிஎச்பி மொழியின் 8.4 பதிப்பில் இயல்பான கடினம் 10-இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் வேலை இரட்டிப்பாகும் என்பதால் அது நான்கு மடங்கு, அதாவது 10 கோர். இந்த வேலை டேட்டாபேஸுடையது அல்ல. ஆனால் இரண்டும் ஒரே பெட்டியில் (சர்வரில்) இருந்தால் டேட்டாபேஸுக்குச் சேர வேண்டிய சிபியுவை இதுதான் தின்கிறது. பாதுகாப்பைக் குறைத்து இதைச் சரிக்கட்ட வேண்டாம். 9:30-க்கே லாகினைத் திறந்து காத்திருப்புப் பக்கத்தில் உட்கார வைத்தால், 5,000 லாகின் அரை மணி நேரத்தில் பரவி நொடிக்கு 3-க்கும் கீழே வந்துவிடும்.

முடிவிலும் ஒரு நெரிசல் உண்டு. 1 மணிக்கு எல்லோரும் சமர்ப்பித்துவிட்டு “என் ரேங்க் என்ன?” என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் 5,000 மதிப்பெண்களை வரிசைப்படுத்தி ரேங்க் சொன்னால், நொடிக்கு 83 பேர் பார்க்கும்போது 4 லட்சம் வரிசைகளைப் படிக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் ஒரே தடவை கணக்கிட்டு அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் எழுதி வைத்தால் அந்தச் சுமை இல்லாமலே போகும்.

### சூடான தரவு எவ்வளவு?

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதை மொத்த டேட்டாபேஸின் அளவு தீர்மானிப்பதில்லை. அடிக்கடி தொடப்படும் பகுதி, அதாவது சூடான தரவு, அதன் இண்டெக்ஸோடு (வரிசைகளைச் சீக்கிரம் தேட உதவும் பட்டியல்) சேர்த்து, ரேமில் அடங்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

தமிழ் எழுத்துக்கு யூடிஎஃப்-8-இல் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் ஆகிறது. “தமிழ்” என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள்; ஆக 15 பைட். ஆங்கிலத் தளங்களுக்கு எழுதப்பட்ட கணக்கை அப்படியே எடுத்தால் உரைப்பகுதி மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். நான்கு விருப்பங்களும் விளக்கமும் சேர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள ஒரு கேள்விக்கு 4 கேபி வையுங்கள். 20,000 கேள்விகளுக்கு 80 எம்பி. 50,000 பயனர்களுக்கு ஆளுக்கு 1 கேபி, மொத்தம் 50 எம்பி.

உண்மையில் வளர்வது விடைகளின் அட்டவணை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு வரிசைக்குத் தலைப்பும் சுட்டியும் மட்டும் 28 பைட். முயற்சி எண், கேள்வி எண், விருப்பம், நேரம் சேர்ந்தால் 52. வரிசையை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியின் இண்டெக்ஸில் இன்னும் 30 சொச்சம். விடையை மாற்றும்போதெல்லாம் பழைய வரிசை செத்துக் கிடந்து, வேக்யூம் என்ற துப்புரவு வரும்வரை இடம் பிடிக்கும். எனவே வரிசைக்கு 100 பைட் என்று தாராளமாகப் போடுவோம். ஒரு தேர்வுக்கு 100 எம்பி, வருடத்துக்கு 5 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும்.

இதில் ஞாயிற்றுக்கிழமை சூடாக இருப்பது அன்றைய 100 எம்பி, கேள்விகள், பயனர்கள். மொத்தம் அரை ஜிபி கூட வராது. இரண்டு வருடம் கழித்தும் அவ்வளவேதான், ஒரு நிபந்தனையோடு: முதன்மைச் சாவி ஏறுவரிசையில் இருக்க வேண்டும். தாறுமாறாக விழும் யூயூஐடி என்ற அடையாள எண்ணின் நான்காம் பதிப்பைச் சாவியாக வைத்தால், புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு வரிசையும் இண்டெக்ஸின் ஏதோ ஒரு மூலையைத் தொடும்; முழு இண்டெக்ஸும் சூடாகிவிடும். யூயூஐடி வேண்டும் என்றால் நேரவரிசையில் வரும் ஏழாம் பதிப்பை எடுங்கள். போஸ்ட்கிரெஸ் 18-இல் அது உள்ளேயே இருக்கிறது.

வாங்கிய ரேமைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டியதும் உங்கள் பொறுப்பு. போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ், இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி பஃபர் பூல் (தரவை ரேமில் வைக்கும் இடங்கள்) இரண்டுமே இயல்பாக 128 எம்பிதான். போஸ்ட்கிரெஸுக்கென்றே உள்ள சர்வரில் ரேமில் 25% கொடுங்கள், மீதியை இயங்குதளத்தின் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) பார்த்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல்லுக்கென்றே உள்ள சர்வரில் 70 முதல் 80% வரை போகலாம்.

### டிஸ்க்: அளவைவிடத் தாமதம்

ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை உறுதிசெய்யும் படி) டிஸ்க்கில் நிஜமாக எழுதப்பட்ட பிறகே “சேமிக்கப்பட்டது” என்று திரும்பும். 7,200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 சுற்று. தனியொரு இணைப்பிலிருந்து வரும் கமிட்டுகள் ஏறக்குறைய அந்த எல்லையிலேயே நின்றுவிடும். நெட்வொர்க் வழி வரும் கிளவுட் டிஸ்க்கில் கமிட்டுக்கு 1 மில்லிநொடி அளவில் ஆகும். மின்துண்டிப்புப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் தர என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்க்கில் இது மிக வேகம். அந்தக் கெப்பாசிட்டர் இல்லாத வீட்டு உபயோக என்விஎம்இ, விளம்பரத்தில் லட்சக்கணக்கான ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை வாசிப்பு, எழுதல்) காட்டினாலும், இந்த ஒரு சோதனையில் ஏமாற்றிவிடும். சர்வர் வாங்கிய முதல் நாளே கமிட் வேகத்தை அளக்க, போஸ்ட்கிரெஸோடு வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவியை ஓட்டிப் பாருங்கள்.

தானியங்கிச் சேமிப்பின் இடைவெளியும் இந்தக் கணக்கில் வருகிறது. 30 நொடிக்கு ஒரு தடவை எல்லோருக்கும் சேமித்தால் நொடிக்கு 167 கமிட். விடை குறிக்கும்போது மட்டும் சேமித்தால் 93. “மொத்தமாகச் சேமித்தால் சுமை குறையும்” என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது.

இடத்தைப் பொறுத்தவரை, தரவின் மூன்று மடங்கு வையுங்கள். இண்டெக்ஸை மறுபடி கட்டவும், பெரிய அட்டவணையை மாற்றவும் அதே அளவு காலி இடம் தேவைப்படும்.

### மீட்பு

நள்ளிரவில் அட்டவணை ஒன்று தவறுதலாக அழிந்தால், எத்தனை நிமிடத்துத் தரவை இழக்கச் சம்மதம், எத்தனை மணி நேரத்தில் தளம் திரும்ப வேண்டும், அதைச் செய்யப் போவது யார்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால் கீழே உள்ள எந்த வழியும் உங்களுக்கு மலிவானதல்ல.

## வழி 1: பகிர்வு ஹோஸ்டிங்

ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ள, சிபேனல் என்ற நிர்வாகப் பக்கமும் மைஎஸ்கியூஎல்லும் சேர்ந்து வருடச் சந்தாவில் கிடைப்பது. விளம்பரத்தில் “அளவற்ற டேட்டாபேஸ்” என்று இருக்கும். உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. கிளவுட்லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஹோஸ்டிங்குகளில் கணக்கு ஒன்றுக்கு இத்தனை கோர், இத்தனை ரேம், ஒரே நேரத்தில் இத்தனை பிராசஸ் என்று பூட்டு உண்டு. 1 கோர், 20 பிராசஸ் என்பது அடிக்கடி காணும் அளவு. பிராசஸ் வரம்பைத் தாண்டினால் 508 பிழை. பயனர் ஒருவருக்கான மைஎஸ்கியூஎல் இணைப்பு எண்ணிக்கைக்கும் தனி வரம்பு இருக்கும்.

நம் தளத்தை இதில் வைத்துப் பார்த்தால், 1 கோர் நொடிக்கு 16 லாகினைத்தான் சரிபார்க்கும், வேறு எந்த வேலையும் செய்யாவிட்டாலும். 5,000 பேர் உள்ளே வர 5 நிமிடத்துக்கு மேல். பிகிரிப்ட் கடினம் 12 என்றால் 20 நிமிடம். அதற்குள் ஆளாளுக்குப் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்து நெரிசலை இன்னும் கூட்டிவிடுவார்கள்.

மறைமுகச் செலவு முதல் வருடம் முடிந்ததும் வரும்: புதுப்பித்தல் விலை பெரும்பாலும் அறிமுக விலையைவிடக் கூடுதல். பக்கத்து வாடகைதாரரின் சுமை உங்கள் தலையில் விழும். பஃபர் பூலைத் தொட அனுமதி இருக்காது.

இது பொருந்தும் இடமும் உண்டு. பக்கங்களைக் கேஷ் செய்து கொடுக்கும் வேர்ட்பிரஸ் செய்தித் தளம், பள்ளி அல்லது கோயில் தளம், மாதத்தில் சில நூறு ஆர்டர் எடுக்கும் கடை. இவற்றுக்கு மேலே போவது வீண்செலவு.

## வழி 2: ஒரே விபிஎஸ்-இல் வெப், டேட்டாபேஸ் இரண்டும்

விபிஎஸ் என்பது பெரிய சர்வர் ஒன்றில் உங்களுக்கென்று பிரித்துத் தரப்படும் மெய்நிகர் சர்வர். புதிய தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். டேட்டாபேஸுக்கும் வெப் சர்வருக்கும் நடுவே நெட்வொர்க்கே இல்லை, பார்த்துக்கொள்ள ஒரே பெட்டி, சிக்கல் வந்தால் தேட ஒரே இடம்.

நம் தளத்துக்கு 4 விசிபியு (மெய்நிகர் சிபியு), 8 ஜிபி ரேம், 80 ஜிபி என்விஎம்இ. ரேமை இப்படிப் பங்கிடலாம்: இயங்குதளத்துக்கு 700 எம்பி; பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு 30 பிராசஸ் × 50 எம்பி = 1.5 ஜிபி, ஷேர்டு பஃபர்ஸ் 2 ஜிபி, 30 இணைப்புக்கு 300 எம்பி, மீதி 3.5 ஜிபி இயங்குதளக் கேஷுக்கு. 30 பிராசஸ் குறைவாகத் தெரியலாம். ஆனால் நொடிக்கு 42 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 150 மில்லிநொடி என்றால் ஒரே நேரத்தில் வேலையில் இருப்பது ஆறோ ஏழோதான்.

இங்கே நடக்கும் விபத்து எப்போதும் ஒரே மாதிரி. 4 ஜிபி பெட்டியில் பஃபர் பூலுக்கு 2 ஜிபி, பிஎச்பிக்கு 50 பிராசஸ் என்று கொடுத்திருப்பார்கள். சாதாரண நாளில் 10 பிராசஸ் ஓடும், ஒன்றும் தெரியாது. ஞாயிறு 10 மணிக்கு 50-ம் விரிந்து 2.5 ஜிபி கேட்கும். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கர்னல் பெரிய பிராசஸாகப் பார்த்துக் கொல்லும். அந்தப் பெரிய பிராசஸ் மைஎஸ்கியூஎல்தான். பயனருக்குத் தெரிவது “டேட்டாபேஸ் இணைப்பு இல்லை”. உண்மையான காரணம் பிஎச்பி. கர்னல் லாக்கைப் பார்க்காமல் டேட்டாபேஸைப் பெரிதாக்கினால் அடுத்த வாரமும் இதே கதைதான். போஸ்ட்கிரெஸில் இதன் சகோதரன் வொர்க்-மெம் (ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தரும் ரேம்): இயல்பான 4 எம்பியை 64 ஆக்கி, 100 இணைப்பும் ஒரு வரிசைப்படுத்தலைச் செய்தால் 6.4 ஜிபி.

மறைமுகச் செலவுகள்: பேக்கப்பும் அதே டிஸ்க்கில் விழுந்தால் அது பேக்கப் அல்ல, வேறு இடத்தில் சேமிப்பகம் வாங்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0-இல் பைனரி லாக் (மாற்றங்களின் பதிவேடு) தானாகவே ஓடும், இயல்பாக 30 நாள் தங்கும்; சின்ன டிஸ்க் அதிலேயே நிரம்பிவிடும். டாப் கட்டளையில் ‘ஸ்டீல்’ எண் 5%-க்கு மேல் நின்றால், நீங்கள் பணம் கட்டிய சிபியு வேறு யாருக்கோ போகிறது; பிரத்யேக சிபியு திட்டத்துக்கு மாற வேண்டியிருக்கும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் பணம் கட்டுவதும் ஒரு வேலை: ரிசர்வ் வங்கி விதிப்படி ₹15,000-க்கு மேற்பட்ட தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அதைக் கேட்டு வரும் மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் சர்வர் நிறுத்தப்படும்.

தேர்வு நாளில் மட்டும் பெரிதாக்கும் வசதியும் இதில் உண்டு. சனி இரவு 8 விசிபியுவுக்கு ஏற்றி, ஞாயிறு இரவு இறக்கலாம். ஒவ்வொரு முறையும் சில நிமிடம் தளம் நிற்கும். ஏற்றும்போது சிபியுவையும் ரேமையும் மட்டும் ஏற்றுங்கள். டிஸ்க்கையும் பெரிதாக்கினால் திரும்ப இறக்க முடியாது.

## வழி 3: டேட்டாபேஸுக்குத் தனி விபிஎஸ்

இரண்டு 4 ஜிபி பெட்டிகள், நடுவே தனியார் நெட்வொர்க். விலை ஏறக்குறைய ஒரு 8 ஜிபி பெட்டிக்குச் சமம். லாகின் நெரிசல் வெப் பெட்டியோடு நின்றுவிடும், பிஎச்பி வீங்கினாலும் டேட்டாபேஸ் சாகாது, வெப் பெட்டியை மட்டும் இரண்டு மூன்றாக்கலாம்.

இதற்குக் கொடுக்கும் விலை தாமதம். ஒரே டேட்டா சென்டருக்குள் ஒரு குவெரி போய்வர அரை மில்லிநொடி என்றால், 8 குவெரிக்கு 4 மில்லிநொடி, யாருக்கும் தெரியாது. லூப்புக்குள் 200 குவெரி ஓடும் கோடு என்றால் 100 மில்லிநொடி கூடும். வெப் சென்னையிலும் டேட்டாபேஸ் மும்பையிலும் இருந்து, போய்வர 20 மில்லிநொடி ஆனால் அதே 200 குவெரி 4 நொடி. இரண்டு பெட்டியும் ஒரே ஊரில், ஒரே மண்டலத்தில் (டேட்டா சென்டர் தொகுப்பில்) இருக்கட்டும்.

அலைவரிசையையும் பார்த்துவிடுங்கள். விளக்கம் இல்லாமல் கேள்விக்கு 2 கேபி, 200 கேள்விக்கு 400 கேபி, நொடிக்கு 42 பேருக்கு 17 எம்பி. அதாவது சுமார் 135 மெகாபிட். 100 மெகாபிட் தனியார் நெட்வொர்க் இதிலேயே அடைபட்டுவிடும். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்தானே. அதை ஒரு ஜேசன் கோப்பாக வெப் பெட்டியில் வைத்துவிட்டால் இந்தப் போக்குவரத்தே இல்லை.

வெப் பெட்டிகள் மூன்று ஆனால் இணைப்புகளும் மூன்று மடங்கு. போஸ்ட்கிரெஸின் இயல்பான வரம்பு 100, மைஎஸ்கியூஎல்லுக்கு 151. வரம்பை 500 ஆக்குவதைவிட நடுவில், சில இணைப்புகளைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வைப்பது நல்லது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி பிராசஸ் என்பதால் சும்மா இருக்கும் இணைப்புக்கும் நினைவகம் போகும்.

டேட்டாபேஸ் போர்ட்டைத் தனியார் ஐபியில் மட்டும் திறக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் 5432-ஐயோ மைஎஸ்கியூஎல்லின் 3306-ஐயோ பொது இணையத்துக்குத் திறந்து வைத்தால் பாஸ்வேர்டை ஊகிக்கும் ரோபோக்கள் தேடிப்பிடித்து வரும்.

## வழி 4: நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸ்

அமேசான் ஆர்டிஎஸ், கூகுள் கிளவுட் எஸ்கியூஎல் போன்றவை. அதே அளவு ரேமுக்கு விபிஎஸ்-ஐவிடப் பல மடங்கு விலை. அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது மீட்பு. ஆர்டிஎஸ்-இல் 35 நாள் வரை பேக்கப் வைத்து, பொதுவாகக் கடைசி 5 நிமிடம் வரை எந்த நொடிக்கும் திரும்பலாம். இதை நீங்களே கட்டி, மாதா மாதம் சோதித்து வைத்திருக்கும் ஆள் சம்பளம் அந்த வித்தியாசத்தைவிட அதிகம். சந்தாப் பணம் வாங்கும் தளம், சர்வர் பார்க்கத் தனி ஆள் இல்லை என்றால் இது ஆடம்பரம் அல்ல.

அளவெடுக்கும்போது கவனிக்க வேண்டியது சிபியு கிரெடிட்: சும்மா இருக்கும்போது சேர்ந்து, வேகமாக ஓடும்போது செலவாகும் நேரம்; ஒரு கிரெடிட் ஒரு விசிபியுவின் ஒரு நிமிட முழு ஓட்டம். அமேசானின் டி3 ஸ்மால் வகையில் 2 விசிபியு, 2 ஜிபி. ஆனால் அடிப்படை ஒவ்வொரு விசிபியுவுக்கும் 20% மட்டுமே. மணிக்கு 24 கிரெடிட் சேரும், அதிகபட்சம் 576. மூன்று மணி நேரம் இரண்டு விசிபியுவும் முழு வேகத்தில் ஓடினால் 360 செலவு, 72 வரவு. ஆக வாரம் முழுக்கச் சும்மா இருந்து சேர்த்த கிரெடிட்டில் ஞாயிறு தேர்வு நிம்மதியாக முடியும். இப்படித் துள்ளி அடங்கும் தளத்துக்கு இந்த மலிவு வகை உண்மையிலேயே பொருத்தம். நாள் முழுக்க 40% சிபியு எடுக்கும் கடைத் தளத்துக்குப் பொருந்தாது: ஆர்டிஎஸ்-இல் டி3 ‘அன்லிமிடெட்’ முறையில் ஓடுவதால் வேகம் குறையாது, பில் ஏறும்.

டிஸ்க்கில் அமேசானின் பொதுப்பயன் எஸ்எஸ்டி இரண்டு தலைமுறையாகக் கிடைக்கிறது. பழைய இரண்டாம் தலைமுறையில் 20 ஜிபிக்கு அடிப்படை 100 ஐஓபிஎஸ் மட்டுமே. 3,000 வரை துள்ளலாம், ஆனால் அரை மணி நேரம்தான், திரும்ப நிரம்பப் பல மணி நேரம் ஆகும். தேர்வு தொடங்கி அரை மணி நேரம் கழித்துத் திடீரென்று தளம் ஊர்ந்தால் இதைச் சந்தேகியுங்கள். மூன்றாம் தலைமுறையில் அளவு எதுவானாலும் 3,000 நிலையாகக் கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பழையதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். இரண்டு மண்டலப் பிரதி எடுத்தால் விலை இரட்டிப்பு. வெப் ஒரு மண்டலத்திலும் டேட்டாபேஸ் இன்னொன்றிலும் இருந்தால் போக்குவரத்துக்குக் கட்டணம். டிஸ்க்கைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. நிறுத்தி வைத்த டேட்டாபேஸ் 7 நாளில் தானாக எழுந்துவிடும். மறந்துபோனால் பில்லும் எழும். பழைய பதிப்பிலேயே தங்கினால் நீட்டிப்பு ஆதரவுக்குத் தனிக் கட்டணம், மைஎஸ்கியூஎல் 5.7 வைத்திருப்பவர்கள் இதை 2024 முதல் கட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் 18% ஜிஎஸ்டி.

மீட்டெடுக்கும்போது பழைய டேட்டாபேஸ் திரும்பி வராது. புதிய முகவரியோடு புதிய டேட்டாபேஸ் ஒன்று பிறக்கும். செயலியின் அமைப்பில் முகவரியை மாற்ற வேண்டும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்த டிஸ்க் முதல் வாசிப்பில் மெதுவாக இருக்கும். இரண்டையும் ஒரு தடவை ஒத்திகை பார்த்து, ஆன நேரத்தைக் குறித்து வையுங்கள்.

## வழி 5: முழு சர்வர்

8 கோர், 64 ஜிபி ஈசிசி (பிழை திருத்தும்) ரேம், ரெய்டு 1-இல் (ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும் அமைப்பு) இரண்டு சர்வர் தர என்விஎம்இ. மாத வாடகைக்கு எடுத்தால் ரேம் ஒரு ஜிபிக்கு விழும் விலை எல்லா வழியையும்விடக் குறைவு. பக்கத்து வாடகைதாரர் இல்லை, டிஸ்க் கைக்கெட்டும் தூரத்தில்.

அரை ஜிபி சூடான தரவு உள்ள தளத்துக்கு 64 ஜிபி எதற்கு என்பதுதான் கேள்வி. சூடான தரவு 30 ஜிபியைத் தாண்டி, சுமையும் நாள் முழுக்கச் சீராக இருந்தால் இது லாபம், அதுவரை வேண்டாம். டிஸ்க் ஒன்று செத்தால் மாற்றச் சொல்லி டிக்கெட் போட்டு, ரெய்டு மறுகட்டுமானம் முடியும்வரை ஒற்றை டிஸ்க்கில் ஓட வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லும் ஸ்மார்ட் கண்காணிப்பை நீங்களே வைக்க வேண்டும். தவறுதலாக அழித்த அட்டவணையை ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும்.

சர்வரை விலைக்கு வாங்கி அலுவலகத்தில் வைக்கலாமா என்ற கேள்வியும் வருகிறது. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும்; அதைத் தாண்டும் யுபிஎஸ், ஏசி, இரண்டு நிறுவனங்களின் இணைய இணைப்பு, நிலையான ஐபி எல்லாம் சேர்த்துக் கூட்டினால் வாடகையே மலிவு. சோதனை சர்வருக்கு மட்டும் அலுவலகப் பெட்டி சரி.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | 10 மணி நெரிசல் | டிஸ்க் தாமதம் | மீட்பு | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| பகிர்வு ஹோஸ்டிங் | தாங்காது | கையில் இல்லை | ஹோஸ்டிங் நிறுவனத்தின் தயவு | புதுப்பித்தல் விலை |
| ஒரே விபிஎஸ், 8 ஜிபி | லாகினைப் பரப்பினால் தாங்கும் | நல்லது, சோதிக்க வேண்டும் | முழுக்க நீங்கள் | வெளிப் பேக்கப், உங்கள் நேரம் |
| தனி டேட்டாபேஸ் விபிஎஸ் | நன்றாகத் தாங்கும் | நல்லது | முழுக்க நீங்கள், இரண்டு பெட்டிக்கும் | கூடுதல் பராமரிப்பு |
| நிர்வகிக்கப்படுவது | தாங்கும், கிரெடிட் பார்க்கவும் | 1 மில்லிநொடி அளவில் | தானியங்கி | பிரதி, போக்குவரத்து, பதிப்புக் கட்டணம் |
| முழு சர்வர் | மிகையாகத் தாங்கும் | மிகச் சிறப்பு | முழுக்க நீங்கள் | டிஸ்க் மாற்றம், கண்காணிப்பு |

இந்த மாதிரித் தேர்வுத் தளத்துக்கு எங்கள் தேர்வு: லினக்ஸ் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் வழி 2, இல்லாவிட்டால் வெப்புக்கு ஒரு சிறு விபிஎஸ்-உம் டேட்டாபேஸுக்கு வழி 4-உம். வழி 3-ஐ முதல் நாளே எடுக்க வேண்டியதில்லை; வழி 2-இலிருந்து அங்கே போவது ஒரு இரவு வேலை. செயலியில் டேட்டாபேஸ் முகவரியைக் கோடுக்குள் எழுதாமல் அமைப்புக் கோப்பில் வைத்திருந்தால் போதும்.

## வாங்கிய பிறகு அளந்து பார்க்க

காலி டேட்டாபேஸில் செய்யும் சோதனை எதையும் சொல்லாது. இரண்டு வருடத் தரவை, அதாவது 10 கோடி விடை வரிசைகளை, ஸ்கிரிப்ட் எழுதி நிரப்புங்கள். கே6 அல்லது ஜேமீட்டர் கொண்டு 120 நொடியில் 5,000 லாகின், அதன்பின் நொடிக்கு 170 சேமிப்பு என்று அரை மணி நேரம் ஓட்டுங்கள். சோதனைக் கருவியை வேறு பெட்டியிலிருந்து ஓட்ட வேண்டும். அதே பெட்டியில் ஓட்டினால் அதன் சுமையைத்தான் அளப்பீர்கள்.

ஓடும்போது நான்கு எண்களைப் பாருங்கள். கேஷில் கிடைத்த வாசிப்பு 99%-க்குக் கீழே போய் டிஸ்க் வாசிப்பும் ஏறினால் ரேம் போதவில்லை. டிஸ்க் காத்திருப்பு 5 மில்லிநொடிக்கு மேல் நின்றால் டிஸ்க் வகையை மாற்றுங்கள். சிபியு 70%-ஐத் தாண்டினால் கோர் சேர்க்கும் முன் மெதுவான குவெரிகளின் லாக்கைத் திறங்கள். பெரும்பாலும் ஓர் இண்டெக்ஸ் விடுபட்டிருக்கும். நான்காவது, காத்திருக்கும் இணைப்புகள்: சிபியுவும் டிஸ்க்கும் சும்மா இருக்க, இணைப்புகள் மட்டும் குவிந்தால் அது வன்பொருள் பிரச்சினை அல்ல. ஒரே வரிசையைப் பூட்டப் பலர் முட்டுகிறார்கள் என்று பொருள். “தேர்வு எழுதியோர் எண்ணிக்கை” என்று ஒரே வரிசையில் ஒவ்வொரு சமர்ப்பிப்பும் ஒன்றைக் கூட்டிக்கொண்டிருக்கிறதா என்று அங்கே முதலில் பாருங்கள்.